சொந்தமாகக் கட்டும் காருக்கு பிரேக்: பைப் வாங்கும் முன் முடிவு செய்ய வேண்டியவை

கேள்வி இதுதான். இங்கிலாந்தில் இருக்கும் ஒருவர் பழைய ஃபோர்டு சியரா ஒன்றைப் பிரித்து, அதன் பாகங்களைக் கொண்டு லோட்டஸ் செவன் என்ற சிறிய, திறந்த இருவர் காரின் வடிவத்தில் ஒரு காரை வீட்டுக் கராஜில் கட்டிக்கொண்டிருக்கிறார். சேசிஸ் நிற்கிறது, சஸ்பென்ஷன் மாட்டியாகிவிட்டது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பிரேக் பைப்புக்குச் செம்பு வாங்கலாமா, வேறு ஏதாவதா? அதை எந்த வழியாகக் கொண்டுபோவது? சியராவின் சர்வோவை, அதாவது மிதிக்கும் விசையைப் பெருக்கித் தரும் டப்பாவை, எங்கே பொருத்துவது?

பைப்புக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செம்பு-நிக்கல் கலவைக் குழாய் வாங்குங்கள், வெளி விட்டம் 3/16 அங்குலம். ஆனால் அதை இன்றைக்கே வாங்கி வளைக்க ஆரம்பிக்காதீர்கள். வீட்டில் கட்டிய கார்களில் பிரேக் சரியில்லை என்று வருகிறவற்றில் பைப் காரணமாக இருப்பது குறைவு. மாஸ்டர் சிலிண்டரின் (பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைக் குழாய்க்குள் தள்ளும் உருளை) அளவு, பெடல் பொருத்திய இடத்தின் உறுதி, ஒன்றுக்கொன்று சேராத மரைகள், இவைதான் பெரும்பாலும் காரணம். அதனால் சர்வோவிலிருந்து தொடங்குகிறேன்.

சியரா ஆயிரம் கிலோவைத் தாண்டும் வண்டி. உங்களுடையது முடியும்போது 600 கிலோவுக்கு அக்கம்பக்கத்தில் நிற்கும். பிரேக்கோ அந்தக் கனமான வண்டிக்குச் செய்தது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பெடலை 300 நியூட்டன் விசையில் மிதிக்கிறீர்கள், அதாவது சுமார் 30 கிலோ. பெடலின் நெம்பு விகிதம் 5:1 என்றால் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனை 1500 நியூட்டன் தள்ளும். சிலிண்டரின் துளை 3/4 அங்குலம், அதாவது 19 மில்லிமீட்டர் என்றால் பரப்பு 285 சதுர மில்லிமீட்டர். குழாயில் வரும் அழுத்தம் சுமார் 53 பார். காலிப்பரில் (டிஸ்க்கை இரு பக்கமும் பிடிக்கும் கவ்வி) 54 மில்லிமீட்டர் பிஸ்டன் இருந்தால் பேடை டிஸ்க்கின் மேல் 12,000 நியூட்டன் அழுத்தும். பேடின் உராய்வு 0.4, அது டிஸ்க்கில் பிடிக்கும் இடம் மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர், டயரின் ஆரம் 29 சென்டிமீட்டர் என்று வைத்தால், இரண்டு முன் டயர்களும் சேர்ந்து தரையில் 6,600 நியூட்டன் தடுக்கும். ஓட்டுநரோடு 650 கிலோ இருக்கும் காரின் மொத்த எடையே சுமார் 6,400 நியூட்டன்தான். அதாவது முன் பிரேக் மட்டுமே 1 ஜி அளவுக்கு, வண்டியின் எடைக்குச் சமமான விசையில், அதை நிறுத்தப் போதும். டயரின் பிடி அதற்கு முன்பே தீர்ந்துவிடும்.

ஆகவே சர்வோ வேண்டாம். இந்த வகைக் கார்கள் பலவும் சர்வோ இல்லாமல்தான் ஓடுகின்றன. சர்வோ வைத்தால் இந்த எடைக்கு பிரேக் தொட்டதும் பிடிக்கும், ஈரச் சாலையில் சக்கரம் சட்டென்று பூட்டிக்கொள்ளும். அவ்வளவு பெரிய டப்பாவை அந்த மூக்குக்குள் நுழைக்க இடமும் இல்லை.

இதே கணக்கில் துளையை 7/8 அங்குலமாக மாற்றினால் பரப்பு 388 சதுர மில்லிமீட்டராகிறது, அழுத்தம் 39 பாருக்கு இறங்குகிறது. முன் டயர்களின் தடுப்பு விசை 4,900 நியூட்டன். பின் பிரேக்கும் சேரும்போது அதுவும் போதும், ஆனால் கால் கொஞ்சம் கூடுதலாக உழைக்கும். சிறிய துளை எடுத்தால் கால் லேசாகும், பதிலுக்கு பெடல் 36 சதவீதம் கூடுதல் தூரம் போகும். சர்வோ இல்லாத காருக்கு நான் 3/4 அங்குலத்தின் பக்கமே சாய்வேன். பெடலுக்கு அந்தத் தூரம் கிடைக்கிறதா, தரையிலோ ஸ்டியரிங் தண்டிலோ இடிக்கிறதா என்பதை மட்டும் முதலில் அளந்துகொள்ளுங்கள். மேலே சொன்னவற்றில் பிஸ்டனும் ஆரமும் நான் எடுத்துக்கொண்ட அளவுகள். உங்கள் காலிப்பரைப் பிரித்துப் பிஸ்டனை வெர்னியரில் அளந்து, அந்த எண்களைப் போட்டுக் கணக்கிடுங்கள்.

மாஸ்டர் சிலிண்டர் இரட்டை அறை உள்ளதாக இருக்க வேண்டும். ஒரு அறை முன் சக்கரங்களுக்கு, இன்னொன்று பின் சக்கரங்களுக்கு. ஒரு பக்கம் கசிந்தாலும் மறுபக்கம் பிடிக்கும். பழைய கார் கடையில் கிடைத்தது என்று வேறொரு முன்சக்கர இயக்க வண்டியின் சிலிண்டரை எடுத்தால் அதில் பெரும்பாலும் நான்கு வாய்கள் இருக்கும். இடது முன்னும் வலது பின்னும் ஒரு சுற்று, வலது முன்னும் இடது பின்னும் இன்னொன்று என்று குறுக்காகப் பிரித்திருப்பார்கள். அதை உங்கள் காரில் முன்-பின் முறையில் இணைத்தால் எந்த வாய் எந்த அறையோடு பேசுகிறது என்று தெரியாமல் இரண்டு சுற்றையும் கலந்துவிட வாய்ப்பு உண்டு. முன்-பின் பிரிவுக்கென்றே செய்த சிலிண்டரை வாங்குவது நல்லது.

சர்வோவை எடுத்துவிட்டால் புஷ் ராடும், அதாவது பெடலிலிருந்து பிஸ்டனைத் தள்ளும் தண்டும், மாறும். இந்த இடத்தில் நிதானமாக நில்லுங்கள். பெடல் மேலே வந்து நிற்கும்போது ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் சிறிதளவு இடைவெளி இருந்தே ஆக வேண்டும், ஒரு மில்லிமீட்டருக்குள். விரலால் பெடலைத் தொட்டு அசைத்தால் அந்தச் சின்ன ஆட்டம் தெரிய வேண்டும். அது இல்லையென்றால் பிஸ்டன் முழுதாகப் பின்னால் வராது. சிலிண்டருக்குள் ரிசர்வாயரோடு (ஆயில் தொட்டி) இணைக்கும் நுண்துளை மூடியே கிடக்கும். வண்டி ஓடும்போது ஆயில் சூடாகி விரியும், திரும்பிப் போக வழியில்லை, பேடுகள் தானாகவே பிடிக்க ஆரம்பிக்கும். பிடித்தால் இன்னும் சூடு, இன்னும் அழுத்தம். சில மைல்களில் வண்டி நகராமல் நின்றுவிடும். காலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்து, மறுபடி மாட்டி, மறுபடியும் அதே கதை என்று அலைகிறவர்கள் உண்டு. சோதிக்க எளிய வழி: சக்கரம் பிடித்திருக்கும்போது மாஸ்டர் சிலிண்டரின் நட்டுகளைத் தளர்த்தி அதை ஒரு மில்லிமீட்டர் முன்னால் இழுத்துப் பாருங்கள். சக்கரம் உடனே விட்டால் புஷ் ராட் நீளம்தான் குற்றவாளி. ராட் எந்த நிலையிலும் கழன்று விழாதபடி அதைப் பிடித்து நிறுத்தும் ஏற்பாடும் வேண்டும்.

அடுத்தது பெடல் பெட்டி. வீட்டில் கட்டும் செவன் வகைச் சேசிஸ்கள் பெரும்பாலும் ஓர் அங்குலச் சதுரக் குழாயால் ஆனவை, சுவர் 1.6 மில்லிமீட்டர். அந்தச் சட்டத்துக்கு இது போதும். பெடலையும் மாஸ்டர் சிலிண்டரையும் வெறும் தகட்டில் மாட்டுவதுதான் தப்பு. குழந்தை குறுக்கே ஓடி வந்தால் மனிதன் 1000 நியூட்டனுக்கு மேல் மிதிப்பான். 5:1 விகிதத்தில் அது சிலிண்டரின் பின்னால் 5000 நியூட்டன், அரை டன். அந்தத் தகடு முன்னால் வளையும். நிற்கும் வண்டியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஓங்கி மிதிக்கட்டும், நீங்கள் வெளியே மாஸ்டர் சிலிண்டரின் மூக்கில் விரலை வைத்துப் பாருங்கள். அது நகர்ந்தால் குழாயில் தங்கிய காற்றை எத்தனை தடவை வெளியேற்றினாலும் (ஏர் எடுத்தாலும்) பெடல் மெத்தென்றுதான் இருக்கும். கோண இரும்போ 3 மில்லிமீட்டர் தகடோ வைத்து, பெடலின் அச்சையும் சிலிண்டரின் முகத்தையும் ஒரே துண்டாக இணைத்து, அதைச் சேசிஸ் குழாயோடு சேருங்கள். பெயின்ட் அடிப்பதற்கு முன்பே இந்த வெல்டிங்கை முடிக்க வேண்டும்.

முன்-பின் சமநிலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். ஏனென்றால் பின்னால் இருக்கும் டிரம்மைக் கழற்றிவிட்டு பெரிய டிஸ்க் போடலாமே என்ற ஆசை எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் வரும். 650 கிலோ முன்னும் பின்னும் சரிபாதியாக, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 40 சென்டிமீட்டரில், சக்கர இடைவெளி 2.3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1 ஜி அளவுக்கு நிறுத்தும்போது 113 கிலோ பின்னாலிருந்து முன்னுக்கு மாறும். முன்னால் 438, பின்னால் 212. அதாவது 67க்கு 33. சியரா மாதிரி ஒரு வண்டிக்கு, 1200 கிலோவும் 55 சென்டிமீட்டர் உயர மையமும் 2.6 மீட்டர் இடைவெளியும் முன்னால் 55 சதவீத எடையும் வைத்துப் போட்டால் 76க்கு 24 வருகிறது. ஆக, அந்த வண்டிக்கு அமைத்த பிரேக்கை அப்படியே உங்கள் காரில் போட்டால் பின் சக்கரம் தன்னால் முடிந்ததைவிடக் குறைவாகவே உழைக்கும். முன் சக்கரம் முதலில் பூட்டும், வண்டி நேராக வழுக்கும். அதுதான் வேண்டியது. பின்னால் பெரிய டிஸ்க் போட்டு அந்த மிச்சத்தைத் தின்றுவிட்டால் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும். குட்டையான, எடை குறைந்த கார் கண்ணிமைக்கும் நேரத்தில் சுழன்றுவிடும். டிரம்மையே வைத்துக்கொள்ளுங்கள். கை பிரேக்குக்கும் அது வசதி.

கொடை வண்டியில், அதாவது பாகம் எடுத்த சியராவில், பின் பிரேக்குக்கான அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு ஏதாவது இருந்தால், அது அந்த வண்டியின் எடைக்கும் சாய்வுக்கும் அமைத்தது. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். வால்வு இல்லாத நிலையில் முன் பங்கு எவ்வளவு என்று முதலில் கணக்கிடுங்கள். 67க்கு நன்றாகவே மேலே இருந்தால் வால்வு தேவையில்லை. டிரம்முக்குள் ஷூ தன்னைத் தானே உள்ளே இழுத்துக்கொள்வதால் டிரம்மின் கணக்கு டிஸ்க் அளவுக்குச் சுத்தமாக வராது. கடைசியில், சக்கரத்தை உருளைமேல் சுழற்றி பிரேக் விசையை அளக்கும் ரோலர் சோதனைதான் உண்மையைச் சொல்லும்.

பிரிட்டனில் ஐவிஏ சோதனை (தனி வண்டிக்கான அரசு அங்கீகாரச் சோதனை) இல்லாமல் இந்தக் காரைப் பதிவு செய்ய முடியாது. அங்கே பார்க்கிற முக்கியமான விஷயமே இதுதான்: முன் சக்கரம் பின் சக்கரத்துக்கு முன்னால் பூட்ட வேண்டும். ரோலரில் முன் அச்சையும் பின் அச்சையும் அளந்து கணக்கிடுவார்கள். நீங்கள் இரண்டு தனி மாஸ்டர் சிலிண்டரும் நடுவில் பேலன்ஸ் பாரும் (பெடல் விசையை இரண்டுக்கும் பங்கிடும் தண்டு) வைக்கும் யோசனையில் இருந்தால், அந்தப் பார் திருப்ப முடியாதபடி நிரந்தரமாகப் பூட்டியிருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். ரிசர்வாயரைத் திறக்காமலே ஆயில் அளவு தெரிய வேண்டும், ஆயில் குறைந்தால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும், கை பிரேக் முழுக்க கம்பியும் நெம்புகோலுமாக இயங்க வேண்டும். அளவு காட்டும் சுவிட்ச் உள்ள மூடியோடு ரிசர்வாயர் வாங்கினால் பின்னால் வயரிங்கில் அலைச்சல் மிச்சம்.

இதெல்லாம் முடிவானதும் மரைகளை எழுதிவையுங்கள். மாஸ்டர் சிலிண்டரின் வாய்கள், டி இணைப்பு, சக்கரத்துக்குப் போகும் நெகிழ்வான ஹோஸின் இரு முனைகள், டிரம் சிலிண்டர்கள் என்று ஒவ்வொன்றிலும் என்ன மரை என்று ஒரு தாளில் படம் வரைந்து எழுதுங்கள். பலவிதமான கார்களிலிருந்து பாகம் சேர்க்கும்போது இரண்டு வகை கலந்துவிடும்: மெட்ரிக்கில் எம் 10, பிட்ச் (அடுத்தடுத்த மரைகளின் இடைவெளி) 1 மில்லிமீட்டர், பழைய பிரிட்டிஷ் முறையில் 3/8 அங்குல யுஎன்எஃப், அங்குலத்துக்கு 24 மரை. ஒன்று 10 மில்லிமீட்டர், இன்னொன்று 9.5. பிட்ச் ஏறக்குறைய ஒன்றுதான். யுஎன்எஃப் நட்டை எம் 10 வாயில் விட்டால் அது சமர்த்தாக உள்ளே போகும், சுற்றும், கடைசியில் இறுகுவது போலவும் இருக்கும். ஆனால் மரைகள் நுனியில் மட்டுமே ஒன்றையொன்று பிடித்திருக்கும். மெதுவாக மிதித்தால் கசியக்கூட கசியாது. முழு அழுத்தம் வரும் நாளில் நட் வெளியே பிடுங்கிக்கொள்ளும். அடையாளம் காண்பது கஷ்டமில்லை. நட்டைக் கையால் ஓரிரு சுற்று விட்டு, பக்கவாட்டில் ஆட்டுங்கள். லொடலொட என்று ஆடினால் அது தப்பான ஜோடி. சரியான நட்டில் ஆட்டம் மிகக் கொஞ்சம்தான் இருக்கும். முடிந்தால் கார் முழுவதையும் மெட்ரிக்குக்கே கொண்டுவந்துவிடுங்கள், மாற்றும் இணைப்புகளைக் குறைத்துவிடலாம்.

நட்டோடு குழாயின் முனை வடிவமும் மாறும். மெட்ரிக் வாய்களில் குழாய் நுனி குமிழ் மாதிரி புடைத்து வாயின் குழியில் போய் உட்காரும். மற்ற வகையில் நுனி புனல்போல் விரிந்து, இரண்டு மடிப்பாக, வாயில் இருக்கும் கூம்பைக் கவ்வும். வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே குழி தெரிந்தால் குமிழ், கூம்பு நீட்டிக்கொண்டிருந்தால் இரட்டை மடிப்புப் புனல். ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்து ஸ்பானரால் இறுக்கிச் சமாளிக்க முடியாது.

இப்போது பைப். இரும்புக் குழாய் வலுவானது, கம்பெனி கார்களில் பெரும்பாலும் அதுதான். ஆனால் வீட்டில் வளைக்கவும் முனை போடவும் கடினம், குளிர்காலத்தில் உப்பு தூவும் பிரிட்டிஷ் சாலையில் துருப்பிடிக்கும். சுத்தச் செம்பு வெண்ணெய்போல் வளையும், பிரிட்டனில் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அதிர்வில் நாளாக ஆகக் கடினமாகி விரிசல் விடும் குணம் அதற்கு உண்டு. செம்பு 90, நிக்கல் 10 பங்கும், கொஞ்சம் இரும்பும் மாங்கனீசும் சேர்ந்த குழாய் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கையால் வளைக்கலாம், துருப்பிடிக்காது, அதிர்வையும் தாங்கும். வால்வோ 1970களிலேயே தன் கார்களில் அதைப் போட ஆரம்பித்துவிட்டது. விலை வித்தியாசம் இந்தக் காரின் மொத்தச் செலவில் ஒன்றுமே இல்லை. சுருள் 25 அடி வரும். இரண்டு வாங்குங்கள், இரண்டாவது பழகுவதற்கும் கெடுவதற்கும்.

முனை போடும் கருவிக்குப் பணம் செலவழியுங்கள். மலிவான தட்டை வகைக் கருவி குழாயை நசுக்கும், முனை கோணலாக வரும். வைஸில் பிடித்து நெம்பால் அழுத்தும் வகை நல்லது, இரவல் கிடைத்தாலும் சரி. குழாயை ரம்பத்தால் அறுக்காமல் சின்ன சுழல் வெட்டியால் வெட்டுங்கள். உள்விளிம்பில் பிசிரை நீக்கி, குழாயைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டித் தூளை வெளியே விழவையுங்கள். நட்டை மாட்டிவிட்டீர்களா என்று பாருங்கள், பிறகு முனை போடுங்கள். ஒரு சொட்டு பிரேக் ஆயில் தடவினால் உலோகம் கிழியாமல் மடங்கும். முடிந்ததும் நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். குமிழின் விளிம்பு சுற்றிலும் ஒரே அகலமாக, குழாயின் நடுவோடு நடுவாக இருக்க வேண்டும். அமரும் முகத்தில் தலைமுடி அளவு கோடு தெரிந்தாலும் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி போடுங்கள். அதற்காகத்தான் ஒவ்வொரு துண்டையும் கொஞ்சம் நீளமாக வெட்டச் சொல்வது.

வளைக்கும் முன் வழியைக் கம்பியில் செய்து பாருங்கள். வெல்டிங் கம்பியோ துணி மாட்டும் கம்பியோ போதும். காரில் பிடித்து வளைத்து, அதை மேசையில் வைத்து அதன்படி குழாயை வளையுங்கள். வளைவுகளை உருளையான ஏதாவது ஒன்றின்மேல் சுற்றி வளைத்தால் நசுங்காது.

செவன் வடிவக் காரில் பின்னால் போகும் குழாயின் இயல்பான வழி நடுவில் இருக்கும் சுரங்கம், புரொப்பெல்லர் தண்டு ஓடும் இடம். அதன் மேல் மூலையில், சேசிஸ் குழாயின் உள்முகத்தை ஒட்டிக் கொண்டுபோங்கள். காரின் அடியில் குழாய் தெரியவே கூடாது. இந்தக் கார்கள் தரையை ஒட்டியவை, வேகத்தடையில் முதலில் உரசுவது அடிப்பகுதிதான். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மாஸ்டர் சிலிண்டர் இருக்கும் பக்கமே வந்தால் நடுவில் ஒரு வெப்பத் தகடு வையுங்கள், ஹோஸையும் குழாயையும் அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பெட்ரோல் குழாயையும் பேட்டரி வயரையும் பிரேக் பைப்போடு ஒரே கிளிப்பில் கட்டாதீர்கள். ரப்பர் உள்ள பி வடிவ கிளிப்புகளை 15 முதல் 20 சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் போடுகிறேன் நான். கையால் குழாயைத் தட்டினால் எங்கேயும் அது அதிரக் கூடாது.

இன்னொன்று, சுரங்கத்தின் பக்கத் தகடுகளுக்கு ரிவெட் துளை போடும்போது டிரில் நேராக உள்ளே இருக்கும் பிரேக் பைப்பில் இறங்கிவிட வாய்ப்பு உண்டு. கிளிப் துளை, ரிவெட் துளை எல்லாவற்றையும் போட்டு, குழாயை ஒருமுறை மாட்டிப் பார்த்து, பிறகு எல்லாவற்றையும் கழற்றிச் சேசிஸைப் பவுடர் கோட்டிங்குக்கு அனுப்புங்கள். திரும்பி வந்ததும் ஹோஸ் பிராக்கெட்டுகளில் ஹோஸ் உட்காரும் முகத்தில் படிந்திருக்கும் கோட்டிங்கைச் சுரண்டுங்கள். அதை விட்டால் நாளடைவில் கோட்டிங் நசுங்கி நட் தளர்ந்துவிடும்.

சியராவின் பின் சஸ்பென்ஷன் ஒவ்வொரு சக்கரமும் தனியாக ஆடும் வகை என்பதால் பின்னால் இரு பக்கமும் ஒவ்வொரு ஹோஸ் வேண்டும். முன் ஹோஸ்களில் நேரம் செலவழியுங்கள். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு சக்கரத்தை முழுக்க மேலே தள்ளி, முழுக்கக் கீழே விட்டு, இரண்டு நிலையிலும் ஸ்டியரிங்கை இடமும் வலமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். எந்த நிலையிலும் ஹோஸ் இழுபடக் கூடாது, டயரிலோ சஸ்பென்ஷன் கையான விஷ்போனிலோ தொடக் கூடாது, முறுக்கிக்கொள்ளவும் கூடாது. ஹோஸின் ரப்பர் மேல் நீளவாட்டில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு இறுக்குங்கள். கோடு சுற்றிக்கொண்டால் ஹோஸ் முறுக்கியிருக்கிறது. ஹோஸைக் காலிப்பரில் மாட்டும், உள்ளே துளையுள்ள பாஞ்சோ போல்ட் இருந்தால், ஹோஸ் முனையின் இரு பக்கமும் புதிய செம்பு வாஷர் போட வேண்டும், பழையதைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். மரையில் டெஃப்லான் டேப் எங்கேயும் வேண்டாம். அடைப்பது முனையின் வேலை. டேப்பின் துணுக்கு கிழிந்து மாஸ்டர் சிலிண்டருக்குள் போனால் அந்த நுண்துளையை அடைக்கும். குழாய் நட்டுக்குப் பிளவு வைத்த ஃபிளேர் ஸ்பானர், இறுக்கம் சுமார் 15 நியூட்டன் மீட்டர். சாதாரண ஸ்பானர் நட்டின் மூலைகளை உருட்டிவிடும்.

பிரேக் ஆயிலில் டாட் 4 தரம் போதும். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கும். டாட் 5 சிலிக்கோன் வகை, மற்றவற்றோடு கலக்காது, அது வேண்டாம். டாட் 5.1 வேறு, அது டாட் 4-ன் குடும்பம்தான். எஞ்சின் ஆயிலோ கிரீஸோ உள்ளே கொஞ்சம் போனாலும் சீல்கள் ஊதிவிடும், எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும். பிரேக் ஆயில் பெயின்ட்டை உரிக்கும், சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுங்கள்.

ஏர் எடுப்பதற்கு முன் ஒரு விஷயத்தைக் கண்ணால் பாருங்கள்: காலிப்பரின் பிளீட் நிப்பிள் (காற்றை வெளியே விடத் திறக்கும் முனை) மேலே இருக்கிறதா? இடதும் வலதும் மாறிப் போயிருந்தால் நிப்பிள் கீழே இருக்கும், மேலே தங்கிய காற்று ஒருநாளும் வெளியே வராது. புது மாஸ்டர் சிலிண்டரை வைஸில் வைத்து, வாயிலிருந்து ரிசர்வாயருக்கே சிறு குழாய் வளைத்துவிட்டு, குமிழி நிற்கும்வரை மெதுவாகத் தள்ளிக் காற்றை எடுத்துவிட்டு மாட்டினால் பாதி வேலை முடிந்தது. பிறகு தூரத்தில் இருக்கும் பின் சக்கரத்தில் தொடங்கி முன்னால் வாருங்கள். டயர் காற்றின் அழுத்தத்தால் ஆயிலைத் தள்ளும் கருவி பயன்படுத்தினால் டயரை 20 பிஎஸ்ஐக்குக் கீழே இறக்கிவிட்டு மாட்டுங்கள். இல்லையென்றால் ரிசர்வாயர் மூடியில் பீய்ச்சி அடிக்கும்.

அப்புறமும் பெடல் ஆழமாகப் போனால், உடனே மறுபடி ஏர் எடுக்காதீர்கள். கை பிரேக்கை இரண்டு பல் இழுத்துவிட்டு மிதித்துப் பாருங்கள். பெடல் உயர்ந்தால் டிரம்முக்குள் ஷூ தூரத்தில் இருக்கிறது, காற்று இல்லை. கை பிரேக் கேபிளைத் தளர்த்திவிட்டு, முதலில் ஷூவைச் சரிசெய்து, கடைசியில்தான் கேபிளை இறுக்க வேண்டும். பலமுறை வேகமாக மிதித்தால் பெடல் ஏறி, சற்று நேரத்தில் மறுபடி இறங்கினால் அது காற்று. ஏறாமல் மெத்தென்றே இருந்தால் பெடல் பெட்டியைப் பாருங்கள். அழுத்திப் பிடித்திருக்கும்போது மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால் எங்கோ கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் விட்டுக்கொடுக்கிறது.

சாலைக்குப் போகும் முன் ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ தாளைச் சுற்றி, ஒருவர் முழு பலத்தோடு ஒரு நிமிடம் மிதித்தபடி இருக்க, நீங்கள் தாள்களைப் பாருங்கள். ஈரம் ஒரு புள்ளி தெரிந்தாலும் நட்டை மேலும் இறுக்காமல் கழற்றி முனையைப் பாருங்கள். முதல் ஓட்டம் தனியார் இடத்தில், நடை வேகத்தில். பிறகு 30 மைல் வேகத்திலிருந்து மிதமாக நிறுத்தி, நடுநடுவே ஆறவிட்டு, பேடுகளைப் பதப்படுத்துங்கள். ஓட்டம் முடிந்ததும் நான்கு சக்கரத்தின் பக்கமும் கையை அருகில் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள், தொடாதீர்கள். முன் இரண்டும் ஒரே அளவு, பின் இரண்டும் ஒரே அளவு சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தனியாகக் கொதித்தால் அந்தக் காலிப்பரின் பிஸ்டனோ ஸ்லைடரோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்த நாள் காலையில், எல்லாம் ஆறிய பிறகு, ரிசர்வாயர் அளவையும் ஒவ்வொரு நட்டையும் மறுபடி பாருங்கள்.

சியராவின் காலிப்பர்களை அப்படியே மாட்டுவதாக இருந்தால் மாட்டும் முன் பிரித்து சீல் கிட் மாற்றிவிடுங்கள். பல வருடம் நின்ற வண்டியின் பிஸ்டனில் துருப் பொட்டு இருந்தால் புது சீலும் அதில் கிழியும், பிஸ்டனையும் சேர்த்து வாங்குங்கள். உங்கள் மாஸ்டர் சிலிண்டரின் துளை, காலிப்பர் பிஸ்டன், பெடல் விகிதம் மூன்றையும் அளந்து எழுதி அனுப்பினால் முன்-பின் கணக்கைச் சரிபார்த்துத் தருகிறேன்.